ஏழு சிவப்பு மாத்திரைகள்

எங்கள் வாசலுக்கு நேர் எதிரே தெருக்குழாய் இருந்தது. பெங்களூர் ஈஜிபுராவில் அந்தச் சந்துக்கு அது ஒன்றுதான். காலையில் ஐந்தரை மணிக்கு போர்வெல் மோட்டாரைப் போடுவார்கள், ஏழு மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்துக்குள் நான் ஒரு பெண்ணுக்கு ஒரு மாத்திரை கொடுத்தாக வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் அதுதான் என் நாளின் முதல் வேலை.

அவள் எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு. ஊதுபத்தி உருட்டுவாள். புருஷன் பெயின்ட் அடிக்கிற வேலை. மூன்று பெண் குழந்தைகள். மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். இன்னொரு தடவை என்றால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அவளிடம் நேராகவே சொல்லிவிட்டார். மாமியாரிடமும் சொன்னார். மாமியார், "டாக்டர்னா அப்படித்தான் சொல்லுவாங்க, ஆம்பளப் புள்ள இல்லாத வீடு ஒரு வீடா?" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஆபரேஷனுக்குப் புருஷன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டான். காப்பர்-டி வைத்தால் மாதம் பதினைந்து நாள் ரத்தப்போக்கு. அதை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது மாத்திரை.

அந்த மாத்திரையை வீட்டில் வைக்க அவளுக்கு இடம் இல்லை. பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர். ஒரு தடவை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். மாமியார் கண்டுபிடித்து அட்டையோடு சாக்கடையில் போட்டாள். அன்று சாயங்காலம் புருஷன் அவளை அடித்த சத்தம் என் வீடு வரை கேட்டது. மறுநாள் குழாயடியில் அவள் உதடு வீங்கியிருந்தது.

"யக்கா, உங்க வீட்லயே வெச்சிக்கோங்க. தெனம் ஒண்ணு குடுங்க, போதும்."

நான் வேலை பார்த்த குடும்பக்கட்டுப்பாடு ஆபீஸின் விதிப்படி அது தப்பு. மூன்று அட்டையைச் சேர்த்துப் பெண்ணின் கையில் கொடுத்து கார்டில் கையெழுத்து வாங்க வேண்டும். நான் அவளிடம் சரி என்றேன். ஆபீஸில் சொல்லவில்லை. சொல்லக் கூச்சம்.

நான் பேசுகிற ஆள் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோலார் தங்கவயலில் பிறந்தவள், எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். கல்யாணமாகி பெங்களூர் வந்தேன். என் மகளுக்கு ஐந்து வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். அதற்கப்புறம் தொம்மலூரில் ஒரு மாடி வீட்டில் இயங்கிய குடும்பக்கட்டுப்பாடு திட்டத்தில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுப் பணம். வீடு வீடாகப் போய் மாத்திரையும் ஆணுறையும் கொடுத்து, சந்தேகம் கேட்டால் சொல்லி, கார்டு எழுத வேண்டும். பயிற்சியில், ஆபீஸை நடத்திய மேடம், "கண்ணைப் பாத்துப் பேசு" என்று தினமும் சொல்வார். நான் தரையைப் பார்த்தேதான் பேசினேன். அந்தச் சொற்களை ஆண்கள் இருக்கும் இடத்தில் நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆண்கள் வந்துவிட்டால் சத்துணவைப் பற்றிப் பேசுவேன். ஆனாலும் என் கார்டுகள் மற்றவர்களுடையதைவிட அதிகம். இவள் வெளியே சொல்ல மாட்டாள் என்று பெண்கள் நம்பினார்கள்.

அட்டையில் இருபத்தெட்டு மாத்திரை. இருபத்தொன்று வெள்ளை. கடைசி ஏழு சிவப்பு, அது வெறும் இரும்புச் சத்து. சிவப்பு முடிந்த மறுநாள் அடுத்த அட்டையின் வெள்ளை ஆரம்பிக்க வேண்டும். இடைவெளி விட்டால் பாதுகாப்பு இல்லை. அவளுடைய அட்டையை நான் ராகி மாவு டப்பாவில் வைத்திருந்தேன். காலையில் ஒன்றைப் பிதுக்கி எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்ற நான் ஒரு கை கொடுப்பேன். அப்போது மாத்திரை கை மாறும். குழாயில் ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடிப்பாள், முடிந்தது. பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள், மாமியாரும் சில நாள் நிற்பாள், யாருக்கும் தெரியாது.

"ஆபீஸ் மூடிட்டா இன்னாக்கா பண்றது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"ஆபீஸ் எதுக்கு மூடுவாங்க? நான் இருக்கேன், பயப்படாதே" என்றேன். அப்படித்தான் நம்பியிருந்தேன். சம்பளம் வருகிறது, பீரோவும் ரிஜிஸ்டரும் இருக்கின்றன, அப்படியென்றால் அது நிலையான வேலை என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம். இரண்டு வருஷத்துக்குத்தான் பணம் என்பது முதல் காகிதத்திலேயே எழுதியிருந்ததாம். அது இங்கிலீஷில் இருந்தது. மேடத்துக்குத் தெரியும். மேலும் இரண்டு வருஷம் நீட்டி வாங்கிவிடலாம் என்று அவர் எண்ணியிருந்தார்.

அந்த நீட்டிப்புக்காகத்தான் பணம் கொடுக்கிற நாட்டிலிருந்து ஒரு அம்மா பார்வையிட வந்தார். நல்ல உயரம், காட்டன் சேலையைச் சரியாகக் கட்டத் தெரியாமல் கட்டியிருந்தார். காட்டுவதற்கு என்று மேடம் ஐந்து வீடுகளைத் தயாராக வைத்திருந்தார். அந்த வீடுகளில் காபித் தூள்கூட வாங்கிக் கொடுத்திருந்தோம். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, கார்டுப் பெட்டியை இழுத்து, பார்க்காமல் நான்கு கார்டுகளை உருவினார். மூன்றாவது கார்டு அவளுடையது.

இப்போதே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கார்டுப் பெட்டியை மூடி வைத்தேன். அதற்குள் எல்லாரும் ஜீப்பில் ஏறிவிட்டார்கள்.

முதல் இரண்டு வீடு நல்லபடியாக முடிந்தது. எங்கள் சந்துக்குள் திரும்பும்போது மேடத்தின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். வேறு வழி தெரியவில்லை.

"மேடம், அடுத்த வீடு வேணாம்."

"யாக்கே? ஏன்?"

"வேணாம் மேடம்."

மேடம் நின்றுவிட்டார். கன்னடக்காரர், ஆனால் எங்களிடம் தமிழிலேயே பேசுவார். குரலைத் தாழ்த்தி, "பொய்க் கார்டா? நிஜம் சொல்லு. டார்கெட்டுக்கு எழுதினியா?" என்றார்.

அது எனக்குச் சுருக்கென்றது. வேறு ஏரியாவில் அப்படி எழுதிய ஒருத்தியைப் போன மாதம்தான் அனுப்பியிருந்தார்கள். "பொய் இல்ல மேடம். அந்தப் பொண்ணு சாப்பிடறது வீட்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அவளை விட மாட்டாங்க. கொன்னுடுவாங்க மேடம்."

நாங்கள் பேசுவதற்குள் அந்த அம்மா நாலு எட்டு முன்னால் போய்விட்டார். மூன்றாவது வீட்டு வாசலில் மாமியார் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. என்னைத்தான் பார்த்தாள். நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

"இன்னாம்மா, வெள்ளக்காரம்மா எங்க ஊட்டுக்கா வந்திருக்காங்க? இன்னா சமாச்சாரம்?" மாமியார் எழுந்தே விட்டாள்.

அந்த அம்மா கையிலிருந்த கார்டைப் பார்த்தார். பெயரைப் படிக்க வாயெடுத்தார். மேடம் ஒரே தாவலாகப் போய்க் கார்டை வாங்கித் தன் ஃபைலுக்குள் செருகிக்கொண்டு, மாமியாரைப் பார்த்துச் சிரித்தார்.

"தண்ணி விஷயம் பாக்க வந்திருக்காங்க அம்மா. உங்க தெருவுல தண்ணி சரியா வருதா?"

அவ்வளவுதான். "தண்ணியா? நல்லா கேட்டீங்க போங்க!" என்று ஆரம்பித்த மாமியார் கால் மணி நேரம் நிறுத்தவில்லை. மோட்டார் போடுகிறவன் அரை மணி லேட்டாக வருகிறான், முன்வரிசைக்காரர்கள் நாலு குடம் வைக்கிறார்கள், உப்புத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. மேடம் அதை இங்கிலீஷில் என்னவோ சொல்லச் சொல்ல, அந்த அம்மா குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மாமியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமியார் அந்தக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "பாரேன், எம்மாம் சாஃப்டா இருக்குது கை" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். உள்ளே இருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜீப்பிலிருந்து இறங்கும்போது மேடம், "மாத்திரை நீ தினம் கொடுக்கறியா? உன் வீட்ல வெச்சு?" என்றார். தலையாட்டினேன். "எழுதற மாதிரி இல்ல அது. நான் கேக்கல, நீ சொல்லல" என்று படியேறிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நீட்டிப்பு இல்லை. நாங்கள் சரியாகச் செய்யவில்லை என்று எழுதவில்லையாம். நன்றாகச் செய்தோம் என்றுதான் எழுதியிருந்தார்களாம். அந்தப் பணம் இனிமேல் வேறு மாநிலத்துக்கு, வேறு நோய்க்குப் போகிறது, இங்கே இருக்கிற பெண்களை அரசாங்கச் சுகாதார மையத்தோடு இணைத்துவிட்டால் போதும் என்றிருந்தது. மேடம் அதைத் தமிழில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாத முடிவுக்குள் ரிஜிஸ்டர், கார்டு, மீதி மாத்திரை எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும்.

இணைத்துவிடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சுகாதார மையத்து நர்ஸம்மா நல்லவர். இலவசமாகவே கொடுப்பார். ஆனால் பெண் நேரில் வர வேண்டும், புருஷன் பெயர் எழுத வேண்டும், அடுத்த வாரம் நர்ஸம்மா வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பார். மற்ற பெண்களுக்கு அது பரவாயில்லை. போனார்கள். இவளுக்கு முடியாது.

கடைசி நாள் ஆபீஸில் மாத்திரைப் பெட்டிகளை டேப் ஒட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பெட்டியிலிருந்து ஆறு அட்டை எடுத்துக்கொண்டால் ஆறு மாதம் ஓடும். கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போதும் ஆச்சரியம்தான்.

மேடம் பெட்டியில் கை வைத்தபடி யோசித்தார். "லிஸ்ட் அனுப்பியாச்சு. ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குக் கடிதம் வரும்" என்றார். பிறகு, "பிரிச்ச அட்டையைத் திருப்பி வாங்க மாட்டாங்க. அது லிஸ்ட்ல இல்ல" என்றார்.

பிரித்த அட்டை ஒன்றுதான் என்னிடம் இருந்தது. ராகி டப்பாவில். அதில் நாலு வெள்ளை, ஏழு சிவப்பு. பதினொரு நாள்.

அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். வெள்ளை முடிந்து சிவப்பு ஆரம்பித்த அன்று அவளே கையை விரித்துப் பார்த்துவிட்டு, "புது அட்டை வந்துடுச்சாக்கா?" என்றாள்.

"வரும்."

மெடிக்கல் ஷாப்பில் விற்கிறது, விலையும் அதிகமில்லை. எங்கள் தெரு முனையிலேயே ஒரு மெடிக்கல் ஷாப். ஆனால் நான் புருஷன் இல்லாதவள். அந்தக் கடைக்காரருக்கு எங்கள் சந்தில் யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதுவரை தெரியும். அங்கே போய் அதைக் கேட்பதற்குப் பதில் தொம்மலூர் வரை நடக்கலாம் என்று நினைத்தேன். நடந்தேன். நான்காவது சிவப்பு மாத்திரை நாள் அது. தொம்மலூர் கடையில் மூன்று ஆண்கள் நின்றிருந்தார்கள். தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன், ஐந்து பேர் இருந்தார்கள். மறுபடி தாண்டிப் போனேன். மூன்றாவது தடவை கடைக்காரரே, "ஏன் பேக்கம்மா? என்ன வேணும்?" என்று கூப்பிட்டுவிட்டார்.

"தலைவலி மாத்திரை" என்றேன். பத்துத் தலைவலி மாத்திரையோடு வீடு திரும்பினேன். அன்று ராத்திரிக்குள் உண்மையாகவே தலை வலித்தது.

ஐந்தாவது நாளும் போகவில்லை. மகளுக்குப் பரீட்சை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆறாவது நாள் போய், கடை காலியாக இருந்த நேரம் பார்த்து, ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனதை நீட்டினேன். கடைக்காரர் படித்துவிட்டு, "ஸ்டாக் இல்லம்மா. நாளைக்கு மத்தியானம் வரும், வாங்க" என்றார்.

மறுநாள் கன்னட அமைப்புகளின் பந்த்.

காலையில் குழாயடியில் கடைசிச் சிவப்பைக் கொடுத்தேன். பெண்கள் அதிகம் பேசாமல் தண்ணீர் பிடித்தார்கள். அந்த மாதிரி நாட்களில் தமிழ் பேசுகிறவர்கள் பெரிய ரோட்டுக்குப் போக மாட்டோம். பஸ் இல்லை, கடை இல்லை, ரோட்டில் டயர் எரிகிறது என்று யாரோ சொன்னார்கள். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் காதருகே வந்தாள்.

"யக்கா, அவரு இன்னைக்கு வேலைக்குப் போவல. ஊட்லதான் இருப்பாரு. நாலு நாளைக்கு வேலை இல்லையாம்."

அவ்வளவு சொன்னதே எனக்குப் போதும். "நாளைக்கு மாத்திரை இருக்கும்" என்றேன். மறுபடியும் வாக்குக் கொடுக்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

பதினொரு மணிக்குத் தெரு முனைக் கடை பாதி ஷட்டர் தூக்கியிருந்தது. பந்தானாலும் மெடிக்கலை விட்டுவிடுவார்கள். வேலைக்குப் போகாத ஆண்கள் எல்லாம் அங்கேதான் நின்றார்கள். ஆறேழு பேர். பந்த் எப்போது முடியும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய புருஷன். பீடி பிடித்துக்கொண்டு ஷட்டரில் சாய்ந்திருந்தான். காகிதத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது அங்கே போய்த்தான் தெரிந்தது.

"இன்னாக்கா, இன்னா வேணும்?" என்றார் கடைக்காரர்.

திரும்பிப் போயிருப்பேன். கால் திரும்பியும்விட்டது. அவளுடைய புருஷன் எனக்கு வழி விடுவதற்காக நகர்ந்தான். அவன் கையில் பெயின்ட் கறை. அந்தக் கையைப் பார்த்தேன்.

"கர்ப்பத்தடை மாத்திரை. ஒரு அட்டை" என்றேன்.

கடைக்காரர் அலமாரியில் தேடினார். எடுத்து பேப்பரில் சுற்றினார். சுற்றிக்கொண்டே, கேட்டிருக்க வேண்டாம், ஆனால் கேட்டார்: "ஆபீஸ்தான் மூடிட்டாங்களே. இது யாருக்குக்கா?"

நான் யார் யாருக்குக் கொடுத்தேன் என்பது நர்ஸம்மா வாசல் வாசலாக விசாரித்ததில் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொருத்தியும் இப்போது சுகாதார மையத்துக்குப் போகிறாள். இன்னும் மாத்திரை வேண்டியிருக்கிறது என்றால், யார் அந்த ஒருத்தி என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள். எண்ணினால் மூன்றாவது வீட்டுக்கு வந்துவிடும். கடைசிக் குழந்தைக்கு நாலு வயதாகிறதே, இன்னும் ஏன் தரிக்கவில்லை என்று மாமியார் ஏற்கெனவே கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய புருஷன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத்தான்" என்றேன்.

யாரோ இருமினார்கள். ஒருவர் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளுடைய புருஷன் மட்டும் சின்னதாகச் சிரித்தான். சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தி, ராகி டப்பாவைத் திறந்து அட்டையை உள்ளே வைத்தேன். என் மகள் பாடப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, "இன்னாம்மா, யாராவது துரத்தினாங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மோட்டார் ஓடத் தொடங்கியது. முதல் வெள்ளையைப் பிதுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். குழாயடியில் பேச்சு சட்டென்று நின்றதிலேயே செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது தெரிந்தது. அன்று பார்த்து மாமியாரும் வந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மருமகள், நிறைகிற குடத்தைப் பார்த்தபடி.

"ஏம்மா," மாமியார் எல்லாரும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள், "ஊட்டுக்காரு போயி ஏழு வருசம் ஆவுதில்ல? இப்ப எதுக்கும்மா உனக்கு அந்த மாத்தர?"

யாரோ புடவைத் தலைப்புக்குள் சிரித்தார்கள்.

"சும்மாவா ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் வாரி வாரிக் குடுத்தா? தனக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிக்கிட்டா போல. வயசுப் பொண்ண ஊட்ல வெச்சிக்கினு!"

என் மகளைச் சொன்னதும் மருமகள் நிமிர்ந்தாள். அவள் உதடு துடித்ததைப் பார்த்தேன். சொல்லிவிடப் போகிறாள் என்று புரிந்தது. ஒரு வார்த்தை போதும், என் மேல் விழுந்தது எல்லாம் அவள் மேல் விழுந்துவிடும். புருஷனும் வீட்டில்தான் இருக்கிறான்.

"கொடம் வழியுது பாரு" என்றேன்.

உண்மையில் வழியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து குடத்தின் அடியில் கை கொடுத்தேன், அவளும் குனிந்தாள், மாத்திரை கை மாறியது. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு குழாயில் ஒரு கை தண்ணீர் பிடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்கியது. "அவகிட்ட இன்னாடி பேச்சு, வா" என்று மாமியார் இழுத்துக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் பிசிறு வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். எட்டு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். மோட்டார் ஐந்தரைக்கு என்பதால் குழாயடிக்குத் தடங்கல் இல்லை. தெருவில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான். மகளுக்குத்தான் கொஞ்ச நாள் கஷ்டமாக இருந்தது. அவளுக்கு விஷயத்தைச் சொன்னது வெகு காலம் கழித்து.

அடுத்த மாதம் ஐந்தாவது சிவப்பு மாத்திரை நாளில் தெரு முனைக் கடைக்கே போனேன். நாலு ஆண்கள் நின்றிருந்தார்கள். இனிமேல் தொம்மலூர் வரை நடக்க வேண்டிய அவசியம் இல்லை. கடைக்காரர் என்ன வேணும் என்று கேட்கவில்லை. எடுத்துப் பேப்பரில் சுற்றப் போனார்.

"சுத்த வேணாம்" என்றேன். "ரெண்டா குடுங்க."